சந்தனத்துக்கு மேல் பூசிய மருந்து

திருத்தணியில் என் மருந்துக்கடைக்கு ஒருவர் வந்தார். மலையில் மொட்டை போட்டபோது கத்தி பட்ட இடமெல்லாம் சீழ் பிடித்திருந்தது. காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேலேயே, என்னிடம் வாங்கிப்போன களிம்பை அப்பியிருந்தார். பேசும்போதும் ஒரு விரல் மண்டையைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"உங்க மருந்து உள்ளயே போவலைங்க. டூப்ளிகேட்டா?"

"சந்தனத்தக் கழுவிட்டுத் தடவுங்க. தோல்ல பட்டாத்தானே உள்ள போவும்?"

"சாமி சந்தனத்தக் கழுவறதா? நல்ல மருந்துன்னா அதுக்குள்ளயும் பூந்து போவணும்ங்க."

சொல்லிவிட்டு மேதை கிளம்பினார். படியிறங்கியவர் மழையில் மாட்டினார். சந்தனம் கரைந்து கழுத்தில் வழிந்தது. அதற்கப்புறம் தடவிய மருந்தாவது தோலில் பட்டிருக்கும்.

மறுவாரம் புண் ஆறிய தலையோடு வந்தார். களிம்பு வாங்கிக்கொண்டிருந்த வேறொருவரிடம், "இதெல்லாம் தண்டம்ங்க. எனக்குச் சந்தனத்துலதான் ஆறிச்சி" என்றார்.

என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு.