டேங்க்குக்குள் இருந்த மாமா

எரியோட்டில் டூரிங் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அதன் ஜெனரேட்டர் கக்கும் டீசல் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம், பீடி நாற்றமும் மூத்திர வாடையும் கலந்த அந்த மணல் தரையும், அதில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த அத்தையின் சந்தேகமும் திரும்பி வருகின்றன.

பட்டாளத்தில் இருந்த மாமா, ‘நாளெல்லாம் டேங்க்குக்குள்தான் இருக்கிறேன்’ என்று எழுதுவார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் டேங்க்.

“அதுக்குள்ள மனுசன் இருப்பானா? பொய்யி. எவளையோ சேத்துக்கிட்டாரு,” என்று கடிதத்தை மோந்து பார்ப்பாள் அத்தை.

அன்று திரையில், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் டேங்க் ஒன்றின் மூடியைத் திறந்து நாலு பேர் உள்ளே இறங்கினார்கள். குண்டு விழுந்து அது எரிந்தபோது ஒருவரும் வெளியே வரவில்லை.

அத்தை மணலைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “எவ வீட்லயாச்சும் இருந்துட்டுப் போகட்டும் அப்பு, ஒங்க மாமா.”