வேலிப் பக்கம் திரும்பிய கேமரா

சென்னையில் மகன் வீட்டிலிருந்து, சொந்த ஊர் கடலாடியில் வீட்டுக் கொல்லையில் மேயும் எங்கள் கோழிகளைக் கேமரா வழியாகக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணக் காணோமேப்பா" என்றான் மகன். என் கண் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போனது.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா மிளகாய் பறிக்கப் போயிருந்தாள். நான் விளையாடப் போய்விட்டேன். வெள்ளைக்கோழியைக் காணவில்லை. அடிக்குப் பயந்து, பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை பிடித்துப்போனதைப் பார்த்தேன் என்றேன்.

"ஒங்க கோழிய நான் தொடல மதினி" என்று அத்தை கோயில் வாசலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். கை கொப்பளித்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, முள்வேலிக்குள்ளிருந்து ஒன்பது குஞ்சுகளோடு கோழி வந்தது. அம்மா அவசரமாகப் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடினாள். நானும் வாய் திறக்கவில்லை.

அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கேமராவை அவள் வேலியைப் பார்த்து மாட்டச் சொன்னதும் நான்தான்.