நூற்று முப்பதுக்கு எண்பது

நாகலெட்சுமிக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இத்தனை வருஷத்தில் புருஷனின் அண்ணன் வீரபத்திரன் முகத்தை அவள் ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை. கொம்பனேந்தலில் அப்படித்தான். மூத்தார் எதிரே வந்தால் தம்பி பொண்டாட்டி ஒதுங்கி நிற்க வேண்டும். கை தவறிக்கூட அவர் மேல் பட்டுவிடக் கூடாது. அவரும் அவளிடம் நேரடியாகப் பேசமாட்டார். வேண்டியதைத் தன் பொண்டாட்டி சண்முகவள்ளியிடம் சொல்வார், சண்முகவள்ளி இவளிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் இதே கூத்துதான்.

இப்படிப்பட்ட ஊரில், வீடு வீடாகப் போய் ஆம்பளைகள் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார் என்று அவளை அனுப்பியது அரசாங்கம். யோசனை சொன்ன மகராசன் சென்னையில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கென்ன! மகளிர் குழுவில் பத்தாவது தாண்டியவள் இவள் ஒருத்தி என்பதால் மெஷினும் மாத்திரைப் பையும் ஒரு போனும் இவள் கைக்கு வந்தன.

வேலையை ஆசையாகத்தான் செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். மிளகாய்க் காட்டில் பழம் எடுக்கும் பெண்களை வரப்பிலேயே உட்கார வைத்துப் பார்ப்பாள். கால் புண் ஆறாமல் கிடந்த அமுதவள்ளியைத் திட்டித் திட்டியே சர்க்கரை மாத்திரை போடவைத்து அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தாள். பொம்பளைகளிடம் அவள் வைத்ததுதான் சட்டம். ஆம்பளைகளிடம்தான் வந்தது வில்லங்கம். ஊரே ஒரே வகையறா. பட்டியலில் இருந்த ஆம்பளைகள் பதினோரு பேரும் அவளுக்கு மூத்தார் முறை.

அதில் முதல் பேர் வீரபத்திரன். உச்சிப்புளியில் நடந்த கண் முகாமுக்குப் போனவரை, பிரஷர் நூற்று எண்பதைத் தாண்டி நிற்கிறது, இறக்கிக்கொண்டு வந்தால்தான் கண்ணில் கத்தி வைப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அவர் பேர் இவள் போனில் ஏறியது. முதல் மாதம் மெஷினைச் சண்முகவள்ளி கையில் கொடுத்து, "நீங்களே சுத்துங்கக்கா, நான் வெளிய நிக்கிறேன்" என்று வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"தம்பி பொண்டாட்டி வந்து பாக்குறதுக்கு நான் என்ன சந்தையில நிக்கிற மாடா? டாக்டரு வரட்டும். அவரு முன்னால கைய நீட்டுறேன். பெட்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லு!"

போனிலோ எண்ணைப் போடாமல் அடுத்த பக்கம் நகராது. அடுத்த பக்கம் போகாவிட்டால் பையிலிருக்கும் மாத்திரையைக் கணக்கில் ஏற்றிக் கொடுக்க முடியாது. மனுஷன் மாத்திரையாவது தின்னட்டுமே என்று நூற்று முப்பதுக்கு எண்பது என்று போட்டாள். நல்ல மனசோடுதான் போட்டாள். மறுமாதமும் போட்டாள். மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே. ஒன்பது மாதம் ஓடியது. ஆரம்பத்தில் யோசித்து யோசித்துப் போட்டாள், பிறகு யோசிக்கவில்லை. மாத்திரை மட்டும் ஒழுங்காகச் சண்முகவள்ளி கைக்குப் போனது. அவர் அதை முழுங்கினாரா என்று கேட்க இவளுக்கும் பயம், சொல்ல அவளுக்கும் பயம்.

வீரபத்திரனுக்கு அரசாங்கத்தின் மேல் வெறுப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரசாங்கம் முழுசாக வரவில்லையே என்பதுதான் அவர் கோபம். டீக்கடை தங்கப்பாண்டி அவருக்கு நேர் எதிர்.

"காப்பீட்டு அட்ட குடுத்திருக்கான்லண்ணே? அதக் கொண்டுக்கிட்டு மதுரைக்குப் போயி பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான? இந்தப் பொட்டக்காட்டுல டாக்டர வச்சு கவர்மெண்டு என்னத்துக்குச் சீரழியணும்?"

"ஏலே, நெஞ்சு வலிச்சா அட்டையவா வச்சுத் தேய்ப்ப? மதுரை போய்ச் சேர உசுரு இருக்கணும்லடா! வரி வாங்குறவன் வைத்தியமும் பாக்கணும். இப்ப மாசம் ஒருக்கா டாக்டரோட வந்து, பாதி வரிசை நிக்கயிலயே கெளம்பிப் போற வண்டி, வாரா வாரம் இங்கன வந்து நிக்கணும். கேட்டு வாங்காம விடமாட்டேன்."

கேட்க வேண்டிய நாளும் வந்தது. மே முதல் தேதி, கிராம சபைக் கூட்டம். பத்து மணிக்கே பந்தல் தகித்தது. வீரபத்திரனின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பெண்கள் பக்கம் இருந்த நாகலெட்சுமி ஓரக்கண்ணால் கண்டாள். காலையில் தண்ணிக் குழாயில் பார்த்தபோது சண்முகவள்ளி சொல்லியிருந்தாள்: "ரெண்டு நாளா தலைய வலிக்குதுங்குறாக. தூங்குறதே இல்ல."

சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த சேதுராமன் எழுந்தார். நல்ல மனிதர்தான், குரலில் அதட்டல் இல்லை.

"வண்டி இனி இந்த ஊருக்கு வராது. வேற ஊருக்கு மாத்தியாச்சு. சந்தோஷப்பட வேண்டிய விஷயங்க இது. உங்க ஊர்ல ஒன்பது மாசமா ஆம்பளைங்க ஒருத்தருக்குக்கூட பிரஷர் ஏறல. இந்த வட்டாரத்துலயே நீங்கதான் முதல்."

கை தட்டினார்கள்! விவரங்கெட்ட சனம் கை தட்டியது.

வீரபத்திரன் விருட்டென்று எழுந்தார். "எவன் சொன்னான்? எனக்கே நூத்தி எம்பதுக்கு மேல இருக்குன்னு கண்ணு டாக்டரு வெரட்டி விட்டாரு. வண்டிய எப்படி நிறுத்துவீக?"

சேதுராமன் போனைத் தடவினார். "வீரபத்திரன், அம்பத்தெட்டு வயசு. போன மாசம் ஏழாம் தேதி நூத்தி முப்பதுக்கு எம்பது. நாகலெட்சுமி பாத்து ஏத்தியிருக்காங்க. ஏம்மா, பாத்தீங்கதானே?"

பந்தலே அவள் பக்கம் திரும்பியது. அவள் புருஷன் பாண்டித்துரை வாயைப் பிளந்தபடி நின்றான். அப்போது, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வீரபத்திரன் அவளை நேராகப் பார்த்தார். ஒரே நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வாய் திறந்தால் ஊருக்கு வண்டி மிஞ்சும், தம்பி குடும்பம் சந்தி சிரிக்கும்.

பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்தாக. சரியாத்தான் இருந்துச்சு. நாந்தேன் மறந்துட்டேன்."

அய்யோ, அந்த மனுஷன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்! எத்தனையோ வருஷமாகத் தொண்டை கிழியக் கேட்டதை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தீர்மானப் புத்தகத்தை அவர் முன்னால் நீட்டினார்கள். பேனாவைப் பிடித்தார், விரலிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார்.

"வெயிலு, மயக்கந்தான்" என்று பத்துக் குரல் கேட்டது. "சோடா கொண்டாங்கடா!" சண்முகவள்ளி ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ 108-ஐக் கூப்பிடப் போனதைச் சேதுராமன் தடுத்தார். "பதறாதீங்க. பிரஷர் நார்மலா இருக்கிற ஆளு. காத்து விடுங்க, சர்க்கரைத் தண்ணி குடுத்தா எழுந்திருவார்."

நாகலெட்சுமி எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். பயிற்சியில் படம் போட்டுக் காட்டிய அதே முகம். ஒரு பக்கம் தொங்கிய கன்னம், தூக்க முடியாத வலது கை. மணித்துளி ஒவ்வொன்றும் மூளையைத் தின்னும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிவிட்டால் வேலை போகும், புருஷன் ஊருக்குள் தலை நிமிர முடியாது. இரண்டு நிமிஷம் நின்றாள். அந்த இரண்டு நிமிஷத்தை அவள் சாகிறவரைக்கும் மறக்கப் போவதில்லை.

சேதுராமனுக்கும் சந்தேகம் தட்டியது போலும். குனிந்து கேட்டார். "அய்யா, உங்களுக்குப் பிரஷர் பாத்தாங்கதானே?"

கோணிப்போன வாயோடு, எச்சில் வழிய, வீரபத்திரன் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினார்.

"பொய் சார்!" நாகலெட்சுமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "ஒருநாளும் பாக்கல. அம்புட்டும் நானாப் போட்டது. அவுக எனக்காகப் பொய் சொல்றாக சார், போன் போடுங்க, இது பக்கவாதம், போன் போடுங்க!"

போட்டார்கள். கடலாடியில் நிற்கும் 108 வண்டி வேறொரு கேசுக்குப் போயிருக்கிறது, வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்று பதில் வந்தது.