தண்ணீர் நிறுத்திப் பார்த்தவன்

பக்கெட் என்ற பெயர் அவனுக்கு வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் ஒட்டியது. ஊரில் டைல்ஸ் வேலைக்கு அவனைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். இங்கே அவனை வரவழைத்த அக்காவின் கணவர், விமானத்திலிருந்து இறங்கியவனை நேரே வேலையிடத்துக்குக் கூட்டிப்போனார். பசை கலக்கும் வாளியைக் கையில் கொடுத்து, "இவன்தான் நம்ம பக்கெட்" என்று ஆட்களுக்கு அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் ஆயிற்றே என்று அவனும் சிரித்துவைத்தான்.

சிரிப்பு ஒரு குளியலறையில் நின்றது. பசை இறுகுமுன் மச்சான் அவசரப்பட்டுத் தரையில் ஏறி நடந்துவிட்டார். மறுநாள் டைல்ஸ் ஆடியது. வீட்டுக்காரி கேட்டதும், அவனைப் பிடரியில் கைவைத்து முன்னே தள்ளினார்.

"புது ஆளு, தெரியாம மிதிச்சிட்டான். மன்னிப்புக் கேளு மாப்ள."

அந்த நாட்டு மொழியில் மன்னிப்புக்கு என்ன வார்த்தை என்பதையும் காதோரம் அவரே சொல்லிக்கொடுத்தார். அவன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். அந்த மொழியில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். மச்சான் வாயிலிருந்தும் அதே வார்த்தை நாலு பேர் முன்னால் வர வேண்டும் என்று அன்றே மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டான்.

வாய் திறக்காமல் மொழி வகுப்புக்குப் போனான். சொந்தமாகத் தொழில் செய்யப் பதிந்துகொண்டான், காப்பீடு எடுத்தான், கதவு சரியாகச் சாத்தாத ஒரு பழைய வேனை வாங்கினான். பிரிந்துபோகிறேன் என்று சொன்ன அன்று மச்சான் சோற்றில் கைவைத்தபடி நன்றியைப் பற்றி நீளமாகப் பேசினார். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தாள். வெளியாளுக்கு எதற்குக் கூலி என்று, அவன் இடத்துக்கு அக்காவையே மச்சான் வேலைக்கு இழுத்துக்கொண்டார் என்பது பிற்பாடு காதில் விழுந்தது. குப்பை கூட்டுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு வருடம் பொறுத்தான். ஒரு புதிய அடுக்குமாடிக் கட்டடத்தில் சமையலறைகள் அவனுக்கும் குளியலறைகள் மச்சானுக்கும் வந்தன. குளியலறைத் தரையில் கசிவு தடுக்கும் பூச்சு பூசுவார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் துணிப்பட்டை வைத்துப் பூச வேண்டும். மச்சான் எந்தக் காலத்திலும் வைத்ததில்லை. மேலே டைல்ஸ் ஏறிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

தேநீர் நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் பக்கெட் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: டைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.

"குளியலறை கட்டுறோமா, நீச்சல் குளம் கட்டுறோமா?" என்று மச்சான் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மறுநாள் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்திருந்தது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். பக்கெட் கையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்கே போய் நின்றான். இப்போது வரும், இதோ வரும் என்று மச்சான் வாயையே பார்த்தான்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவளின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"பூசினது இவதான். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

அக்கா. பூச்சுத் தூரிகை இன்னும் அவள் கையில் இருந்தது.

பக்கெட் அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவில் போய் நின்றான். அந்த நாட்டு மொழியிலேயே, தடுமாறாமல் சொன்னான்: "அவங்க வேலையாள். பொறுப்பு ஏத்துக்கிட்டவர் இவர்."

அம்மாள் தலையசைத்தார். அன்றைக்கே மச்சான் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. குளியலறைகள் பக்கெட் கைக்கு வந்தன. அந்த வார்த்தை மட்டும் மச்சான் வாயிலிருந்து வரவே இல்லை.

சாயங்காலம் வேனில் அக்கா கேட்காமலே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி நிறுத்தச் சொன்னது நீதானே?"

"ஆமாக்கா. உன் தலையில விடியும்னு தெரியாது."

"மூலையில துணி வேணும்னு நீ அப்போ வீட்டுல அவர்கிட்ட வாதாடினத அடுப்படியிலேர்ந்து கேட்டிருக்கேன். அவர் வேணாம்னாரு. சரின்னு பூசிட்டேன்." மடியிலிருந்த காய்ந்த பூச்சை நகத்தால் உரித்தாள். "ஒழுகும்னு தெரிஞ்சுதான்டா பூசினேன்."

அவன் வண்டியைக் கிளப்பினான். கட்டட வாசலில் நின்ற மச்சான் சாமான் மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவன் அக்காவைப் பார்த்தான்.

"போ" என்றாள்.