மோர் கேட்ட மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அஞ்சலையம்மா ஓர் ஆங்கிலச் சொல்லோடு வந்து நின்றார். ப்ரொவைட். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாடு வைத்து, பால் ஊற்றி, கணவர் இல்லாமல் ஒரே மகளை ஆளாக்கியவர். கிள்ளானில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் பையனுக்குப் பெண் கேட்டிருக்கிறார்கள். பையனின் சித்தப்பா, 'ஹீ வில் ப்ரொவைட் ஃபார் ஹெர்' என்று ஆங்கிலத்தில் உறுதி சொல்லியிருக்கிறார். அதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

கொடுப்பது என்றேன். எதை என்றார். சோறு, துணி, வீடு... தேவையானதெல்லாம்.

"அதெல்லாம் நானே குடுத்துட்டுத்தானே இருக்கேன். இவரு புதுசா என்னாண்ணே குடுப்பாரு?"

நியாயமான கேள்விதானே? அரிசிக் கடைக்காரரும் ப்ரொவைட் செய்கிறார், புருஷனும் ப்ரொவைட் செய்கிறான் என்றால் — எங்கேயோ இடிக்கிறது. அகராதி பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

மதியம் பையன் வீட்டார் ரயிலிறங்கி ரிக்ஷாக்களில் வந்து சேர்ந்தார்கள். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நாங்கள் விட்டுவந்த ஊரின் வழக்கம். கிள்ளானிலிருந்து வருகிறவர்களைப் பட்டினி போட முடியுமா? கடல் தாண்டி வந்த இந்த மண்ணில் அது தளர்ந்துவிட்டது. ஐந்தாறு பேர் என்று சொல்லியிருந்தார்கள். வந்ததோ ஒரு கல்யாணக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

கோழிக்குழம்பு முதல் சுற்றிலேயே அடி கண்டது. கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம் பந்தி வரை கேட்டது. அஞ்சலையம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பெண் வீட்டில் குழம்பு பற்றவில்லை என்ற பேச்சு, ரயிலுக்கு முந்திக் கிள்ளான் போய்ச் சேருமே.

சித்தப்பா மறுபடி குழம்பு கேட்க வாயெடுத்தார் — நானும்தான். அதற்குள் என் பக்கத்திலிருந்த மாப்பிள்ளைப் பையன் குரல் கொடுத்தான்.

"எனக்கு மோர் ஊத்துங்கத்தே."

மோர் வந்தபின் குழம்புக்குத் திரும்புகிறவர் உண்டா? மாப்பிள்ளையே மோருக்குப் போய்விட்டார்; பந்தி மொத்தமும் பின்னால் போனது. மாடு வைத்திருக்கிற வீட்டில் மோருக்கா பஞ்சம்? அந்த அம்மாவின் முகத்தில் உயிர் திரும்பியதைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்கு 'முன்கூட்டியே பார்ப்பது' என்று பொருளாம். கொடுப்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன்.

அஞ்சலையம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"அகராதி கெடக்கட்டும்ண்ணே. நான் பந்தியிலயே பாத்துட்டேன். அவங்க கெளம்பறப்பவே சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எனக்குத்தான் அந்த இரண்டாவது கரண்டிக் குழம்பு இன்னும் பாக்கி.