எதிர் வீட்டின் இரண்டு கதவுகள்

எதிர் வீட்டுக்காரரை நான் முதன்முதலில் பார்த்த அன்று, அவர் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக என் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். திறந்தேன்.

"உள்ள யாரு இருக்காங்க? கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க மேடம்," என்றார்.

குரலில் மரியாதை இருந்தது, அவசரமும் இருந்தது. என் வீட்டைக் குளியலறை என்று நினைத்துக்கொண்டு மனிதர் வரிசையில் நிற்கிறார் என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து, "மன்னிச்சுக்குங்கக்கா," என்று சொல்லி அவர் முழங்கையைப் பிடித்தாள். போகிற போக்கில் அவர் லிஃப்டுப் பக்கம் காதைத் திருப்பி, "மோட்டார்ல சத்தம் வருது, யார்கிட்டயாவது சொல்லி வைங்க," என்றார். மறுநாளும் அதே துண்டு, அதே டப்பா, அதே மோட்டார்.

நான் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வேலைக்கு நடுவில் கதவு தட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் நேற்றுத் தட்டியதே தெரியாமல் இன்று தட்டுகிறவரிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? மெல்ல மெல்ல விஷயம் தெரிந்துகொண்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சில வருடங்களுக்கு முன் மூளைக் காய்ச்சல் வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்து பிழைத்தார். பேச்சும் நடையும் சிரிப்பும் அப்படியே திரும்பின. கல்யாணம், மகள் பிறந்தது, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் பத்திரமாக இருந்தன. இன்று நடப்பது மட்டும் உள்ளே தங்குவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால் சாப்பிட்டது போச்சு. மாடிப் பிள்ளைகள் அவருக்கு லிஃப்ட் மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், தினமும் புதிதாக.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்வதென்றால் களைப்பில்தான் தொடங்க வேண்டும். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்புகளை, எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள் நின்று, நாள் முழுக்க மடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது அவள் தோள் இரண்டும் தொங்கிப்போயிருக்கும். அவளைப் பார்த்ததும் அவர், "ஏன் இன்னைக்கு இவ்வளவு களைப்பா இருக்க?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அந்த 'இன்னைக்கு'தான் அவளைக் கொல்லும். நேற்றும் அதற்கு முந்தின நாளும் அவள் இப்படித்தான் வந்தாள் என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? "ஒண்ணுமில்லங்க," என்பாள். கால் மணி நேரத்தில் மறுபடி கேட்பார்.

பழைய வீட்டில் இத்தனை தொல்லை இருந்ததில்லை. காய்ச்சலுக்கு முன்பிருந்தே குடியிருந்த வீடு அது. படுக்கையறையிலிருந்து வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் குளியலறை. அவர் பாட்டுக்குப் போவார், வருவார், அவளும் நிம்மதியாக வேலைக்குப் போவாள். வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால் இங்கே வந்தார்கள். இங்கே இடது பக்கம் திரும்பினால் வாசல் கதவு. குளியலறை வலது பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம், அதற்குத்தான் இத்தனை பாடு.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் வீட்டில் இல்லை. நான், அவள், மாடிப் பிள்ளைகள் எல்லோருமாகத் தேடினோம். கடைசியில், இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி போன் செய்தார். முன்பு அவர் பராமரித்த கட்டடம். தோளில் துண்டோடு வந்து நின்று, லிஃப்ட் மோட்டார் அறையின் சாவி கேட்டுக்கொண்டிருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே மகள் போன் செய்து, "அப்பாவ ஹோம்ல விட்டுடலாம்மா. உனக்கும் வயசாகுது," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் அடுத்த மாதக் கடைசி வரை விடுப்புக் கொடுத்தார், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். அதற்குள் கணவர் வலது பக்கம் திரும்பப் பழக வேண்டும். பழகாவிட்டால் அவள் வேலையை விட வேண்டும், அல்லது அவரை விட வேண்டும். வேலையை விட்டால் இருவருக்கும் சோறு இல்லை.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். பழுதான குளியலறைக் கதவு என்று நினைத்து, அவர் சமையலறைக் கத்தியால் பூட்டைக் கழற்றி மேஜைமேல் திருகாணிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பழகிய கை சும்மா இருக்குமா? வாசல் கதவில் 'இது வாசல்' என்று எழுதி ஒட்டினாள். "யாரு இதை ஒட்டுனது?" என்று கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பாடம் நடத்த ஆரம்பித்தாள். என் வீடு வரை கேட்கும்.

"எங்க போறீங்க?"

"குளிக்க."

"குளியலறை எந்தப் பக்கம்? நல்லா யோசிங்க."

அவர் நன்றாக யோசித்து இடது பக்கம் போவார்.

"அது இல்லைங்க. யோசிங்க."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அம்மி நகரத்தான் செய்தது, ஆனால் வாசலைப் பார்த்து. முதலில் கொஞ்சம் தயங்கி இடது பக்கம் போனவர், போகப்போகத் தயக்கமே இல்லாமல் விறுவிறுவென்று போக ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து தெரபிஸ்ட் பெண் வந்தாள். சின்ன வயது, பெரிய பை. வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர் வம்பென்றால் எனக்கு உயிர். அந்தப் பெண் இந்தப் பாடத்தை ஒரு சுற்று முழுக்கப் பேசாமல் பார்த்தாள். பிறகு அவரைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

"மூளையில ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் நடுவுல துளியூண்டு இடைவெளி இருக்கும்மா. இந்தப் பக்கத்து செல் ஒரு சொட்டு ரசாயனத்த விட்டுத்தான் அந்தப் பக்கத்துக்குச் சேதி சொல்லும். ஒரே சேதி திரும்பத் திரும்பப் போச்சுன்னா ரெண்டுக்கும் பழகிடும். வாங்கிக்கிற பக்கம் காதை இன்னும் நல்லாத் திறந்து வெச்சுக்கும். அப்புறம் லேசாச் சொன்னாலே போதும். நாம கத்துக்கறதெல்லாம் இப்படித்தான்."

"அவருக்குத்தான் எல்லாம் போயிடுச்சே."

"எல்லாம் போகல. இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எடுத்து வைக்கிற இடத்தத்தான் காய்ச்சல் கெடுத்துச்சு. கை காலு பழகற இடம் வேற. அது நல்லா இருக்கு. நீங்க விரிப்பு மடிக்கிறப்ப யோசிச்சா மடிக்கிறீங்க?"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "யோசிச்சா மடிப்பு தப்பாயிடும். போன வருஷம் சூப்பர்வைசர் மடிப்ப மாத்தச் சொன்னாரு. எங்க எல்லார் கையும் பழைய மடிப்புக்கேதான் போச்சு."

"அப்புறம் எப்படி மாறுச்சு?"

"தப்பா மடிச்சா ஒரு தடவ திட்டு விழும். அடுத்த விரிப்பு எடுக்கறப்ப அது ஞாபகம் வரும், கைய இழுத்துக்குவோம். அப்படியே..." பேச்சு பாதியில் நின்றது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவருக்குத் தப்புப் பண்ணது ஞாபகமே இருக்காது."

"ஆமாம்மா. எந்தப் பக்கம் நடந்தோம்கறது மட்டும்தான் காலுக்குத் தெரியும். அது சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப நான் கேட்டுக் கேட்டு, அவரு தப்பாப் போய்ப் போய்..."

வாசலுக்கு வழி காட்டியது தானேதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிழையைச் சுட்டிக்காட்டினால் பிழை போய்விடும் என்று நம்பித்தான் நானும் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேள்வி கேட்பது நின்றது. யோசிக்கவிடக் கூடாது, தப்பாகப் போகவிடக் கூடாது என்பது தெரபிஸ்ட் பெண்ணின் உத்தரவு. அவர் எழுந்ததும் அவளும் எழ வேண்டும். அவர் கால் திரும்புவதற்கு முன்பே முழங்கையைப் பிடித்து வலது பக்கம் திருப்ப வேண்டும். நாள் போகப் போக முழங்கையை விட்டு விரல் நுனி, பிறகு வெறுமனே பக்கத்தில் நிற்பது. சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மறுபடி முழங்கை. இராத்திரி நன்றாகத் தூங்கவிட வேண்டும், பகலில் பழகியது தூக்கத்தில்தான் கெட்டிப்படுமாம். இடது பக்கத்தை மறிக்க வாசல் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்த பிறகு அதில் தொப்பென்று உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தாங்க," என்பாள். அவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏன் இன்னைக்கு இவ்வளவு களைப்பு என்று கேட்பார்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். அவள் உட்கார்ந்து ஒருவாய் முழுதாகச் சாப்பிட்டதை நான் அந்த நாட்களில் பார்க்கவில்லை. ஒருநாள் கண்ணசந்துவிட்டாள். விழித்தபோது அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு என் வாசலில் நின்றிருந்தார், சோப்பு டப்பாவோடு. அவரை உள்ளே விட்டுவிட்டு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"விழலுக்கு இறைச்ச தண்ணிக்கா. காய்ச்சலுக்கு முன்னாடி இருந்தவளத்தான் அவருக்குத் தெரியும். அதுக்கப்புறம் நான் செஞ்சது ஒண்ணுகூட அவர்கிட்ட சேரல. குளிப்பாட்டுனது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது, எதுவும். நாளைக்கு ஹோம்ல விட்டாலும், யாரு விட்டதுன்னு தெரியாது. ஒருவேளை அதுதான் நல்லதோ?"

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போய் மறுபடி நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டாள்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குப் போன முதல் நாள், என் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். மடியில் அச்சுப் பிரதி, கண் மட்டும் எதிர் வீட்டில். ஒரு வரிகூட ஓடவில்லை. பகல் தூக்கம் கலைந்து அவர் எழும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் படுக்கையறை வாசல் வரை வந்து நின்றது. எழுந்து ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். செருப்புச் சத்தம் மறுபடி கிளம்பியது, என்னைவிட்டு விலகிப் போனது. தாழ்ப்பாள் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். இத்தனை வயதில் ஒரு மனிதர் குளியலறைக்குப் போனதற்காக நான் கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "சரிக்கா," என்றாள். சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. மகளுக்குப் போன் செய்து இப்போதைக்கு ஹோம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பிறகு தினமும் அப்படித்தான். சாவி போட்டுத் திறப்பாள், உட்காருவாள், தண்ணீர் கேட்பாள், அவர் தருவார்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் லிஃப்ட் நின்றுபோனது. மோட்டார் புகைந்துவிட்டதாம். லிஃப்ட் மாமா தினமும் சொல்லி வைக்கச் சொன்னதை நாங்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. நானும் அவளும் படியேறி வந்தோம். மாடிக்கு மாடி அவள் நின்று நின்று மூச்சு வாங்கினாள். அன்று ஹோட்டலில் ஏதோ பெரிய விருந்தாம், விரிப்புகளுக்கு மேல் மேஜைத் துணிகளும் சேர்ந்துவிட்டன. அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன். சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலி எங்களைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் செருப்பு அலமாரியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். தூசி விழாமல் ஒரு சின்னத் தட்டால் மூடியிருந்தது.

அவர் உள்ளிருந்து வந்தார். அவள் அவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி அவள் வாய்வரை வந்துவிட்டது, பார்த்தேன். கேட்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்பது அவளுக்கும் பழகிப்போயிருந்தது. ஆனால் அவர் பார்வையும் டம்ளரில் போய் நின்றது.

"இது யாரு வெச்சது?" என்றார்.

"நீங்கதாங்க."

"நானா?" என்று சிரித்தார். "எனக்கு ஞாபகமே இல்லையே."

"பரவாயில்லங்க," என்று சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.