மூன்று நைட்டிகள்

அடுத்த வாரம் என் மனைவி ஜெசிக்கு ஆபரேஷன். புற்றுநோய். கர்ப்பப்பையோடு மூத்திரப்பையையும் எடுக்கிறார்கள்.

பிறகு சிறுநீருக்காக வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்குமாம். அதனால் முன்பக்கம் திறக்கும் தொளதொள நைட்டி வாங்கச் சொன்னார் நர்ஸ்.

"ஒண்ணு போதும்" என்றாள் ஜெசி. "ஆசுபத்திரிக்குத்தானே?"

வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

அந்த நைட்டி பாறசாலையில் ஒரே கடையில்தான் கிடைத்தது. கடைக்காரன் என்னோடு படித்தவன். எங்கள் சர்ச் சபைத் தேர்தலில் எனக்கு எதிராக ஓட்டுப் பிடித்தவன்.

"எலே மக்கா, இந்த வயசிலயா? பேறுகாலத்துக்கு உள்ள நைட்டியாக்கும் கேக்கான்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"கேன்சராக்கும். மூணு எடு."

அவன் மூன்றையும் எடுத்துக் கவரில் போட்டான்.

வீட்டில் ஜெசி கவரைப் பிரித்தாள். "ஒண்ணுதானே சொன்னேன்? மிச்சம் ரெண்டும் ஆருக்கு?"

"உனக்குத்தான். வீட்டுக்கு வந்து உடுக்கியதுக்கு."



புதுத் துணியை அலசாமல் உடுத்துகிறவள் அல்ல அவள். சற்று முன் கொல்லைப்புறம் போனேன். கொடியில் மூன்றும் காய்கின்றன.

கடைக்காரனை நான் மன்னிக்கவில்லை. இதையும் அவன் படிப்பான். லைக் போட வேண்டாம் என்று யாராவது சொல்லிவிடுங்கள்.